சிட்னியில் பழைய வீட்டுக்குக் குடிபோகிறீர்களா? ஆணி அடிக்கும் முன் இதைப் படியுங்கள்

வென்ட்வொர்த்வில், டூங்காபி, பெண்டில் ஹில் பக்கம் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். அங்கே பழைய வீடு வாடகைக்குக் கிடைத்தால், சாவி வாங்கியதும் சுவரை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். செங்கல் இல்லாமல், பெயின்ட் அடித்த தட்டையான ஷீட்டுகளும், இரண்டு ஷீட் சேரும் இடத்தை மூட ஒரு மெல்லிய பட்டையும் தெரிந்தால், அதை இங்கே ‘ஃபைப்ரோ’ என்பார்கள். பழைய ஃபைப்ரோவில் பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும்.

ஊரில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழேயே வளர்ந்தவர்கள் நாம். உடைந்த துண்டைக் கையில் எடுக்க யோசித்ததே இல்லை. அந்தப் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆஸ்பெஸ்டாஸின் நார் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியது. நுரையீரலுக்குள் போனால் அங்கேயே தங்கிவிடும். மீசோதீலியோமா என்ற புற்றுநோய் 20, 30, 40 வருஷம் கழித்துக்கூட வரலாம். அதனால்தான் ஆஸ்திரேலியா 2003 டிசம்பர் 31 முதல் எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸையும் முழுதாகத் தடை செய்தது. ஆனால் அதற்கு முன் கட்டிய வீடுகள் அப்படியே நிற்கின்றன. 1990-க்கு முன் கட்டிய வீடு என்றால் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பயந்து வீட்டையே வேண்டாம் என்று சொல்ல அவசியமில்லை. உடையாமல், பெயின்ட் உரியாமல் இருக்கும் ஷீட்டால் ஆபத்து மிகக் குறைவு. துளை போடும்போது, அறுக்கும்போது, தேய்க்கும்போது, உடைக்கும்போதுதான் நார் காற்றில் பறக்கும். சாமி படம் மாட்ட ட்ரில் எடுக்காதீர்கள், மேஜைமேல் வைத்துக்கொள்ளலாம். கூரையையும் வெளிச்சுவரையும் பிரஷர் வாஷரால் கழுவவே கூடாது. குளியலறைச் சுவர், டைலுக்குப் பின்னால் இருக்கும் ஷீட், பழைய வினைல் தரையின் அடிப்பக்கம், கூரை விளிம்பின் அடிப்பலகை, கராஜ், வேலி, மீட்டர் பெட்டியின் பலகை என்று எங்கும் இருக்கலாம்.

நான் வந்த புதிதில் பின்பக்கம் கறிவேப்பிலை வைக்கக் குழி தோண்டினேன். ஒரு சாண் ஆழத்தில் சாம்பல் நிறத் துண்டுகள், உள்ளங்கை அளவில் ஏழெட்டு வந்தன. உடைந்த ஓரத்தில் நார் நாராகத் தெரிந்தது. பழைய கொட்டகையை இடித்து யாரோ அங்கேயே புதைத்திருக்கிறார்கள். ஊர் ஞாபகத்தில் கையால் பொறுக்கப் போனேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தி நிறுத்தினார். மேலே தண்ணீர் தெளித்து, பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி, பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல் ஏஜென்டுக்குப் போட்டோவோடு ஈமெயில் அனுப்பச் சொன்னார். நீங்களும் அப்படியே செய்யுங்கள். எழுத்தில் சொல்வது முக்கியம். வாக்குவம் கிளீனர், துடைப்பம் இரண்டும் வேண்டாம், தூசிதான் கிளம்பும். வீட்டுக் குப்பைத் தொட்டியில் போடுவது சட்டப்படி தப்பு.

கண்ணால் பார்த்து உறுதி சொல்ல யாராலும் முடியாது. நாட்டா (சோதனைக் கூடங்களுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு) அங்கீகாரம் பெற்ற லேபில் சோதித்தால்தான் தெரியும். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், கையால் நொறுங்காத இறுகிய ஷீட் 10 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் உரிமம் உள்ளவர்தான் அகற்றலாம். அதற்குக் குறைவென்றால் வீட்டுக்காரரே எடுக்கச் சட்டம் விடுகிறது. ஆனாலும் ஆள் வைத்தே எடுங்கள் என்பேன். கையால் நொறுங்கும் வகை என்றால் எவ்வளவு சின்ன அளவானாலும் ஏ வகுப்பு உரிமம் வேண்டும்.

வீடு வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று: வாங்கும் முன் கட்டடத்தையும் கரையான் போன்ற பூச்சிகளையும் பார்த்துத் தரும் வழக்கமான ‘பில்டிங் அண்ட் பெஸ்ட்’ அறிக்கையை மட்டும் நம்பாதீர்கள், ஆஸ்பெஸ்டாஸ் சோதனையைத் தனியாகக் கேளுங்கள்.

அப்புறம், வேலை. வந்த புதிதில் கையில் கிடைத்த வேலைக்குப் போவோம், இடிப்பு, கிளீனிங், கிடங்கு எதுவானாலும். பழைய கட்டடத்தில் வேலை என்றால் எங்கெங்கே ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்று குறித்து வைக்கும் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சந்தேகமான ஷீட்டை உடைக்கச் சொன்னால் நிறுத்திவிட்டுக் கேளுங்கள், விசா என்னவாக இருந்தாலும் சரி. வேலையிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான சேஃப்வொர்க்கில் புகார் சொல்லலாம், மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம். அந்தத் தூசி பட்ட துணியோடு வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்காதீர்கள். கணவரின் வேலைத் துணியைத் துவைத்தே இந்த நோய் வந்த பெண்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள்.