கைக்குழந்தையோடு ஊருக்குப் போகிறீர்களா? பகல் தூக்கத்தை யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்

பெட்டியில் என்ன அடுக்குவது என்று நான் சொல்லப்போவதில்லை, அதெல்லாம் உங்களுக்கே தெரியும். வெளிநாட்டிலிருந்து போய் மூன்று வாரம் ஊரில் இருந்துவிட்டு வந்தேன். போகும்போது மகளுக்கு நாலரை மாதம், முழுக்கத் தாய்ப்பால்தான். கிளம்பும் வரை பகலில் நாலு தூக்கம், நேரத்துக்குப் பால் என்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது வாரத்தில் தூக்கம் போச்சு, அவள் வாய் வைக்கவே மறுத்தாள், எனக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். நான் கோட்டை விட்டது எங்கே என்று எழுதி வைத்தால் அடுத்துப் போகிற யாருக்காவது உதவும்.

முதல் வாரத்தில் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். இரவு எது பகல் எது என்பது குழந்தையின் உடம்புக்குப் பிடிபடுவதே மூன்று நாலு மாதத்தில்தான், அதை நாம் கொண்டுபோய்த் தலைகீழாகத் திருப்புகிறோம். ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு உடம்பு பழக ஒரு நாள் என்று பொதுவாகக் கணக்குச் சொல்வார்கள், எங்களுக்கு வித்தியாசமே ஒன்பதரை மணி நேரம். காலையில் எழுந்ததும் வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள், ராத்திரி பால் கொடுக்கும்போது விளக்குப் போடாதீர்கள். இரவில் சுரக்கும் பாலில் தூக்கத்துக்கான மெலடோனின் கலந்திருக்கும், அதனால் உங்கள் உடம்பும் புது நேரத்துக்கு மாறியாக வேண்டும். நீங்களும் அவளோடு வெளிச்சத்துக்கு வாருங்கள்.

அப்புறம் வீட்டுக்கு வருகிறவர்கள். "தூங்குற பிள்ளையை ஒரு நிமிஷம் பார்த்துட்டுப் போயிடறேன்" என்று கதவைத் திறந்து விளக்கைப் போடுவார்கள். பாசம்தான், ஆனால் அந்த ஒரு நிமிஷத்துக்கு அன்று சாயங்காலம் வரைக்கும் நாம்தான் அழுகையைச் சுமக்க வேண்டும். கதவுக்கு வெளியே அம்மாவையோ அக்காவையோ உட்கார வையுங்கள். நாமே மறுக்கச் சங்கடப்படுவோம், அம்மா "அப்புறம் பார்க்கலாம்" என்று சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

பெரியம்மா ஒரு நாளைக்கு மூன்று தடவை கேட்டார், "பால் பத்தலையோ?" என்று. வெயிலுக்குத் தண்ணீராவது கொடு என்றார். ஆறு மாதம் வரை தண்ணீர் வேண்டாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தாய்ப்பாலில் 87 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான், வெயில் நாளில் ஒன்றிரண்டு தடவை கூடக் கொடுத்தால் போதும். பால் போதுகிறதா என்பதை அழுகையை வைத்துச் சொல்ல முடியாது, டயப்பரை எண்ணுங்கள். 24 மணி நேரத்தில் ஆறு நனைந்தால், எடையும் ஏறினால் கவலை இல்லை. நான் ஏழு எண்ணினேன், ஆனாலும் அந்தக் கேள்வி மனதில் ஒட்டிக்கொண்டது.

இப்போது நான் கோட்டை விட்ட அலுவலகக் கதை. அப்பாவுக்கு ஒரு பத்திர வேலை எட்டு மாதமாக இழுத்துக்கொண்டிருந்தது. "உன் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி கண்ணு, ஒரு மணி நேர வேலை" என்றார். அவர் தனியாகவே அலைந்திருக்கிறார், கண் ஆபரேஷனுக்கும் தனியாகத்தான் போனார், அப்போது என்னால் வர முடியவில்லை. அதனால் குழந்தைக்கு அது தூங்கும் நேரம் என்று தெரிந்தும் சரி என்று சொல்லிவிட்டேன். அந்தச் சரியைத்தான் நான் சொல்லியிருக்கக் கூடாது.

பத்தரைக்கு வரச் சொன்னார்கள். எங்கள் டோக்கன் 43, பதினோரு மணிக்கு ஓடிக்கொண்டிருந்தது 12. இந்த வயதில் ஒன்றரை மணி நேரம், மிஞ்சினால் இரண்டு மணி நேரம்தான் ஒரு மூச்சில் விழித்திருக்க முடியும். தூக்கம் வந்தால் பார்வை ஒரே இடத்தில் நிற்கும், புருவம் லேசாகச் சிவக்கும், காதைத் தேய்ப்பாள். அதுதான் நேரம், அதைத் தவறவிட்டால் களைப்பே தூக்கத்துக்கு எதிரியாகிவிடும். பதினொன்றேகாலுக்கு அவள் காதைத் தேய்த்தாள். ஒரு மூலையில் திரும்பி உட்கார்ந்து துப்பட்டாவுக்குள் பால் கொடுத்தேன். நாலு மாதத்துக்கு மேல் குழந்தைகளுக்குச் சுற்றி நடப்பது எல்லாமே வேடிக்கை, ஒவ்வொரு நம்பரைக் கூப்பிடும்போதும் காம்பை வாயில் வைத்துக்கொண்டே தலையைத் திருப்பினாள். வலியில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. பால் இறங்குவதற்குள் விட்டுவிடுவாள், துப்பட்டாவை இழுப்பாள், எதிரில் இருந்தவர்கள் பார்ப்பார்கள், நான் மூடிக்கொள்வேன். உட்கார ஓர் அறை கிடைக்குமா என்று கேட்டதற்கு, அதிகாரியிடம் கேட்க வேண்டும், அவர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள்.

அப்பா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு தூணோரம் நின்றார். மூன்று மணி நேரத்தில் ஒரு தடவை கூட உட்காரவில்லை. எட்டு மாதமாகச் சேர்த்த பேப்பர்கள் இருந்த நீல ஃபைலால் அவளுக்கு விசிறிக்கொண்டே இருந்தார். பன்னிரண்டு நிமிடம் தூங்கினாள். முத்திரை குத்துகிற சத்தத்தில் எழுந்து அழ ஆரம்பித்தவள் பிறகு நிறுத்தவே இல்லை. இரண்டே முக்காலுக்குக் கூப்பிட்டு, ஒரு நகல் குறைகிறது, நாளை மறுநாள் வாங்க என்றார்கள். கையெழுத்தே வாங்கவில்லை.

வீட்டுக்கு வரும்போது இரண்டு பக்கமும் பால் கட்டிக் கல்லாக இருந்தது. மடியில் போட்டால் முதுகை வளைத்துக் கத்தினாள். அவளைக் குறை சொல்ல முடியாது. மார்பு அப்படி இறுகிவிட்டால் காம்பு தட்டையாகிவிடும், குழந்தையால் பிடிக்க முடியாது. காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தை விரல் நுனிகளால் ஒரு நிமிடம் உள்நோக்கி மெதுவாக அழுத்தி, கையால் கொஞ்சம் பாலைப் பீய்ச்சி இளக வைத்துவிட்டுக் கொடுக்க வேண்டும். எனக்கு அது தெரியாது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, அழுத்தித் தேய்த்து, பம்பு வைத்துச் சொட்டு விடாமல் எடுத்தேன். மூன்றாம் நாள் இடது பக்கம் சிவந்து 102 டிகிரி காய்ச்சல்.

இதில் பழைய வழக்கம் மாறிவிட்டது, தெரிந்துகொள்ளுங்கள். அகாடமி ஆஃப் பிரெஸ்ட்ஃபீடிங் மெடிசின் என்ற மருத்துவர் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி அழுத்தித் தேய்க்கக் கூடாது, பம்பால் ஒட்டக் கறக்கவும் கூடாது. அப்படிக் கறந்தால் இன்னும் அதிகமாகச் சுரந்து வீக்கம் கூடும். குளிர்ந்த ஒத்தடம், மருத்துவரைக் கேட்டு வலி மாத்திரை, குழந்தை கேட்கும் அளவுக்குப் பால், அவ்வளவுதான். அந்தப் பக்கத்துப் பாலைக் குழந்தை குடிக்கலாம். 24 மணி நேரத்தில் குறையாவிட்டால் காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள், பால் கொடுப்பதையும் சொல்லுங்கள், அதற்கேற்ற மருந்து இருக்கிறது.

அவள் குடிக்க மறுத்தது மூன்று நாள். பசித்து அழும்போது வற்புறுத்தினால் இன்னும் மிரள்வாள் என்று புரிய ஒரு நாள் ஆனது. இருட்டு அறையில், மேலோடு மேல் ஒட்டி, பாதித் தூக்கத்தில் கொடுத்தபோதுதான் குடித்தாள். நடுவில் எடுத்த பாலைப் பாலாடைச் சங்கில் கொடுத்தேன். எடுத்த பால் 25 டிகிரி செல்சியஸ் வரை வெளியே நாலு மணி நேரம் தாங்கும், அதற்கு மேல் சூடான அறையில் நேரம் கடத்தாமல் ஃபிரிட்ஜில் வையுங்கள், நாலு நாள் இருக்கும்.

அலுவலக வேலை எதுவானாலும் கிளம்பும் முன்பே, நீங்கள் இருக்கும் நாட்டிலிருந்தே பவர் (உங்களுக்குப் பதிலாக வேறொருவர் கையெழுத்துப் போடும் அதிகாரம்) எழுதி அனுப்ப முடியுமா என்று விசாரியுங்கள். நேரில்தான் வர வேண்டும் என்றால் டோக்கனுக்கு வேறொருவர் நிற்கட்டும், நீங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் இருட்டறையில் இருங்கள்.

காய்ச்சல் விட்டு ஐந்தாம் நாள் அப்பா ஃபைலை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். "முன்னாடி ரெண்டு பேர் இருக்கும்போது போன் பண்றேன், அதுவரைக்கும் அவ தூங்கட்டும்" என்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்திச் சொன்னார். போன் வந்தது மூன்றரைக்கு. அதற்குள் அவள் இரண்டு தூக்கம் தூங்கி எழுந்திருந்தாள்.