ஆள் நிற்கவில்லை என்று புலம்பும் முன்: ஸ்டார்ட்அப்கள் செய்யும் தவறுகள்

சென்னையிலோ கோவையிலோ புதிதாக ஸ்டார்ட்அப் தொடங்கியவர்களிடம் பேசினால் அடிக்கடி கேட்பது, "நல்ல ஆள் கிடைக்கலை, கிடைச்சாலும் ஆறே மாசத்துல போயிடுறாங்க" என்பதுதான். பெரிய ஐடி கம்பெனி சம்பளத்தை நம்மால் கொடுக்க முடியாது என்று உடனே ஒரு காரணமும் சொல்வார்கள். ஆனால் அது தெரிந்துதானே அவர் சேர்ந்தார்? தெரிந்தே வந்தவர் கிளம்புகிறார் என்றால், சேரும்போது நீங்கள் சொன்னதற்கும் அப்புறம் நடந்ததற்கும் உள்ள தூரம்தான் பெரும்பாலும் காரணம்.

அந்தத் தூரம் ரொம்பப் பெரிதாக இருப்பது ஊழியர்களுக்குப் பங்கு தரும் ஈசாப் விஷயத்தில். "சம்பளம் கம்மிதான், ஆனா 1 சதவீதம் தர்றேன்" என்று இன்டர்வியூவில் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு இரண்டு வருடம் பேச்சே எடுக்காமல் இருப்பவர்கள் நிறைய. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். கம்பெனி எல்எல்பியாக, அதாவது வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மையாகப் பதிவாகியிருந்தால் அதில் பங்கு என்பதே கிடையாது, ஈசாப் கொடுக்கவும் முடியாது. பிரைவேட் லிமிடெட் என்றாலும் முறையான திட்டம், பங்குதாரர்களின் தீர்மானம், இத்தனை பங்கைக் குறிப்பிட்ட விலைக்குப் பின்னால் வாங்கிக்கொள்ளும் உரிமை (ஆப்ஷன்) தருகிறோம் என்று எழுதிக் கையில் கொடுக்கும் ஒரு கிராண்ட் கடிதம் எல்லாம் வேண்டும். கொடுத்த நாளுக்கும் முதல் வெஸ்டிங்குக்கும், அதாவது அந்த உரிமையின் முதல் பகுதி அவருக்குச் சொந்தமாகும் நாளுக்கும் நடுவில் குறைந்தது 1 வருடம் இருக்க வேண்டும் என்பது சட்டம். வழக்கத்தில் 4 வருட வெஸ்டிங் வைக்கிறார்கள்.

கடிதம் கொடுத்தால் மட்டும் போதாது, உட்கார்ந்து விளக்கவும் வேண்டும். அடுத்த முதலீடு வந்தால் அந்த 1 சதவீதம் குறையும். ஆப்ஷனைப் பங்காக மாற்றும் அன்று, பங்கின் மதிப்புக்கும் அவர் கட்டும் விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பளமாகக் கணக்காகி வரி வரும், விற்க முடியாத பங்காக இருந்தாலும் வரும். இந்த வரியைத் தள்ளிக் கட்டும் சலுகை 2020 பட்ஜெட்டில் வந்ததுதான், ஆனால் அது குறிப்பிட்ட சான்றிதழ் பெற்ற ஸ்டார்ட்அப்களுக்கு மட்டுமே. வேலையை விட்டால் எத்தனை நாளுக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதையும் சேரும் முன்பே சொல்லிவிடுங்கள், கிளம்பும் நாளில் அதைக் கேட்டு அதிர்ச்சியடைவது கொடுமை.

சென்னையில் தொடங்கிய சாஃப்ட்வேர் கம்பெனி ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானபோது இந்தியாவில் 500-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். ஆள் எடுக்கும்போது இந்தக் கதையைச் சொல்லாத நிறுவனர் இங்கே குறைவு. அந்தக் கம்பெனி 2010-இல் தொடங்கியது, நடுவில் 11 வருடங்கள் இருக்கின்றன, அந்த ஊழியர்களின் கையில் இருந்தது முறையாக எழுதிக் கொடுத்த பங்கு. கதையைச் சொல்வதானால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அடுத்தது, பெயருக்காக ஆள் எடுப்பது. பெரிய கம்பெனியில் நாற்பது பேரை மேய்த்த மேனேஜரை ஐந்து பேர் இருக்கும் இடத்தில் கொண்டுவந்து உட்காரவைத்தால், அவருக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம். பிளஸ் டூவும் டிப்ளமோவும் முடித்தவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துப் பயிற்சி அளித்து வேலைக்கு எடுப்பதை ஜோஹோ பல வருடங்களாகச் செய்கிறது. அந்த அளவுக்குச் செலவழிக்க உங்களால் முடியாமல் இருக்கலாம், ஆனால் ரெஸ்யூமேயில் காலேஜ் பெயரைத் தேடுவதை விட்டுவிட்டு ஒரு சின்ன வேலையைக் கொடுத்து, அதற்குக் காசும் கொடுத்து, எப்படிச் செய்கிறார் என்று பார்க்க முடியும்.

ஆஃபர் கொடுத்த பிறகு மௌனமாக இருப்பதும் தவறுதான். நம் ஊர் ஐடி கம்பெனிகளில் நோட்டீஸ் பீரியட் பல இடங்களில் 90 நாள். அந்த மூன்று மாதமும் நீங்கள் பேசாமல் இருந்தால், பழைய கம்பெனி சம்பளத்தை ஏற்றிக் கொடுத்து அவரை நிறுத்திக்கொள்ளும். வாரம் ஒரு போன், ஒரு டெமோவுக்கு அழைப்பு, இவ்வளவு போதும்.

ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கிப் பூட்டி வைப்பது, பாண்டு எழுதி வாங்குவது இரண்டும் வேண்டவே வேண்டாம். பயத்தில் உட்கார்ந்திருப்பவரிடமிருந்து நல்ல வேலை வராது, கொஞ்சம் திறமை இருப்பவர் அந்த நிபந்தனையைக் கேட்டதுமே எழுந்து போய்விடுவார்.

பணம் தீரப்போவதை மறைப்பதும் அதே ரகம். சம்பளம் இந்த மாதம் பத்து நாள் தள்ளும் என்றால் 30-ஆம் தேதி இரவில் மெசேஜ் போடாதீர்கள். வீட்டு வாடகையும் இஎம்ஐயும் கட்ட வேண்டியவர்கள் அவர்கள். எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது என்று டீமுக்கு மாதாமாதம் சொல்லும் நிறுவனரோடு, சிரமமான காலத்திலும் ஆட்கள் நிற்பார்கள்.

கடைசியாக, கிளம்புகிறவரை நடத்தும் விதம். ரிலீவிங் லெட்டரை இழுத்தடிப்பது, செட்டில்மெண்ட் பணத்தைப் பிடித்து வைப்பது எல்லாம் இன்னும் நடக்கிறது. நீங்கள் அடுத்து எடுக்க நினைக்கும் ஆள், ஆஃபரில் கையெழுத்துப் போடும் முன் லிங்க்ட்இனில் தேடிப் பிடித்துப் பேசப்போவது, போன மாதம் உங்களை விட்டுப் போன அவரிடம்தான்.