வீடியோ பார்த்துப் பழைய காரில் கை வைக்கும் முன்

கோபி, பொள்ளாச்சி, பல்லடம் பக்கம் தோட்டத்துச் சாளைகளில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த அம்பாசடர்களும் பத்மினிகளும் இப்போது ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. தாத்தா ஓட்டிய வண்டி, விற்க மனசில்லை, சரி நாமே தேற்றிவிடுவோம் என்று இறங்கும் பலருக்கு வாத்தியார் யூடியூப்தான். நன்றாகச் சொல்லித் தரும் சேனல்களும் உண்டு. ஆனால் எந்தக் காட்சி எடுபடுமோ அதை வைத்துத்தான் வீடியோவை வெட்டி ஒட்டுகிறார்கள். வேலையின் வரிசை அதில் தெரியாது. வீடியோவில் வரும் வரிசையை நம்பி இறங்கினால்தான் கை சுடும்.

முதல் நாளே ஸ்டார்ட் செய்து பார்ப்பது பெரிய தவறு. பல வருடம் நின்ற வண்டிக்குப் புது பேட்டரி மாட்டி, சாவியைத் திருப்பியதும் புகை கக்கிக்கொண்டு என்ஜின் ஓடும் காட்சி இருக்கிறதே, பார்க்க அருமைதான். பிஸ்டன் ரிங்குகள் துருப்பிடித்துச் சிலிண்டரோடு ஒட்டியிருக்கும்போது ஸ்டார்ட்டரைப் போட்டால் ரிங் உடையும், சிலிண்டரில் கோடு விழும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, சில நாள் ஊறவிடுங்கள். அப்புறம் டாப் கியரில் போட்டு வண்டியை மெல்லத் தள்ளிப் பார்க்கலாம். அசைந்தால் நல்லது. அசையாவிட்டால் இன்னும் ஊறட்டும், அவசரம் ஒன்றுமில்லை.

ஓடிவிட்டால் உடனே ஊருக்குள் ஒரு ரவுண்டு போகத் தோன்றும். பிரேக்கைப் பார்க்காமல் நகரவே கூடாது. பழைய அம்பாசடரிலும் பத்மினியிலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் ஆயில் போவது ஒரே வழியில்தான். ஆயிலை அடைத்து நிற்கும் ரப்பர் கப் ஒன்று காய்ந்துபோய் ஒழுகினாலும் மொத்த பிரேக்கும் போய், பெடல் தரையைத் தொடும்.

பெட்ரோல் விஷயத்தில் பழைய வீடியோக்கள் நமக்கு உதவா. இப்போது நம் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் கால ரப்பர் குழாய், பம்ப் டயாஃப்ரம், கார்புரேட்டர் கேஸ்கெட் எதுவும் அதற்காகச் செய்யப்பட்டதில்லை. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், டேங்கின் உள்ளே துரு ஏறும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களாக மாற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் ஓட்டப்போவதில்லை என்றால் பெட்ரோலை வடித்துவிடுவது நல்லது.

வெளிநாட்டுச் சேனலில் வருவதும் நம் வீட்டில் நிற்பதும் ஒரே வண்டிதான் என்று நம்புவது இன்னொரு தவறு. அம்பாசடர் பிறந்தது மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து. ஆகவே 1489 சிசி பெட்ரோல் என்ஜின் இருந்தால் இங்கிலாந்துக்காரர்களின் வீடியோ உதவும். பிற்காலத்து இசுஸு 1800 என்ஜினுக்கு அது பயன்படாது. பத்மினிக்கு மூலமான ஃபியட் 1100 டி இத்தாலியில் 1221 சிசி, இங்கே 1089 சிசி. சிசியைப் பார்க்காமல் பிஸ்டனை வரவழைத்தால் அலமாரியில் அழகுக்கு வைக்கலாம். ஸ்பேனரிலும் இதே கதை. ஃபியட் மில்லிமீட்டர் கணக்கு, அம்பாசடரில் பெரும்பாலும் இஞ்சு கணக்கு. அரை இஞ்சு என்பது 12.7 மில்லிமீட்டர். 13-ஆம் நம்பர் ஸ்பேனர் உள்ளே போகும், ஆனால் லேசாக ஆடும். துருப்பிடித்த போல்ட்டில் ரெண்டு அழுத்து அழுத்தினால் மூலைகள் மழுங்கி, போல்ட் உருண்டையாகிவிடும். அதன்பிறகு வெல்டிங் பட்டறைதான் கதி.

நம் ஊரில் மட்டும் நடக்கும் தவறு ஒன்று உண்டு. துருவை எடுக்க மணல் போன்ற துகள்களை வேகமாக அடிக்கும் பிளாஸ்டிங்கை வீடியோவில் பார்த்ததும், கோவையில்தான் தெருவுக்குத் தெரு இருக்கிறதே என்று மட்கார்டையும் பானெட்டையும் ஃபவுண்டரி வேலை செய்யும் இடத்துக்குத் தூக்கிப்போவது. அங்கே இருப்பது பம்ப் பாடி, மோட்டார் பாடி போன்ற கனத்த வார்ப்புகளை இரும்புக் குண்டுமணிகளால் அடித்துச் சுத்தம் செய்யும் ஷாட் பிளாஸ்டிங். அந்த வேகத்துக்கு மெல்லிய தகடு நெளிந்துவிடும். நெளிந்ததை மறைக்க பட்டி, பட்டி வெடித்ததும் மறுபடி டிங்கரிங் என்று செலவு இழுத்துக்கொண்டே போகும். பாடித் தகட்டுக்கு பெயின்ட் ரிமூவரும் கையால் தேய்ப்பதும்தான் சரி. கணபதி, பீளமேடு பக்கத்து லேத் பட்டறைகளைக் கிடைக்காத புஷ், பின் செய்துகொள்ளப் பயன்படுத்துங்கள், அதில் அவர்களை அடிக்க ஆளில்லை. பெயின்ட் கடைசி வேலை. அதற்கு முன் அவிநாசி சாலையில் உள்ள ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய், பழைய வண்டிகளைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வருவது பத்து வீடியோவுக்குச் சமம்.

ஜாக்கியை மட்டும் நம்பியோ, ஹாலோ பிளாக் அடுக்கியோ வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். வண்டியைத் தாங்கும் ஜாக் ஸ்டாண்டு கட்டாயம்.

எல்லோரும் கடைசியில் பார்ப்பது ஆர்.சி. புத்தகம். முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். வண்டி இன்னும் தாத்தா பேரில் இருந்தால் வாரிசுச் சான்றிதழிலிருந்து தொடங்க வேண்டும். 15 வருடம் தாண்டிய சொந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், ஆர்டிஓவில் வண்டியைக் காட்ட வேண்டும். அமெரிக்கச் சேனல்களைப் பார்த்து வேறு என்ஜின் மாற்றினால் ஆர்.சி.யில் உள்ளதும் வண்டியில் உள்ளதும் ஒத்துப்போகாது, முன்அனுமதி இல்லாமல் அதைச் செய்ய மோட்டார் வாகனச் சட்டம் இடம்தராது. 50 வருடம் தாண்டிய, பெரிதாக மாற்றப்படாத வண்டியை 2021-இல் வந்த விதிப்படி விண்டேஜ் வண்டியாகப் பதியலாம். பழைய நம்பரையே வைத்துக்கொள்ளவும் வழி உண்டு. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். வாரா வாரம் சந்தைக்கு ஓட்டும் எண்ணமிருந்தால் அந்தப் பதிவு ஒத்துவராது.