முதல் வேட்டை வில் வாங்கும் பெண்களுக்கு: அளவெடுப்பதிலிருந்து அம்பு வரை

வில் கற்க வரும் பெண்ணின் கைக்கு முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் அண்ணனோ கணவரோ வைத்திருந்த பழைய வில். இல்லையென்றால், வண்ணம் மட்டும் மாற்றிப் 'பெண்களுக்கு' என்று ஒட்டி விற்கும் வில். இரண்டையுமே அவசரப்பட்டு வாங்கிக்கொள்ள வேண்டாம். வில் செருப்பு மாதிரி, அடுத்தவர் அளவு நமக்கு ஒத்துவராது. அளவு தவறிய வில்லில் ஆறு மாதம் பழகினால், அதற்கேற்பக் கோணிப்போன உடல்நிலையைச் சரிசெய்ய இன்னும் ஆறு மாதம் போய்விடும்.

முதலில் சட்டம். சிங்கப்பூரில் வேட்டைக்கு இடமில்லை. புக்கிட் பாஞ்சாங் பக்கம் காட்டுப்பன்றி நடமாடினாலும், அனுமதி இல்லாமல் வனவிலங்கைக் கொல்வதும் பிடிப்பதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். ஆகவே இங்கே வேட்டை வில் வாங்குபவர்கள் இரண்டு காரணங்களுக்காக வாங்குகிறார்கள். சிலர் பயிற்சிக் களத்தில் இலக்குப் பலகையையும் நுரையில் செய்த விலங்கு உருவங்களையும் எய்வதற்கு வாங்குகிறார்கள். மற்றவர்கள், நியூசிலாந்து போல வில் வேட்டையைச் சட்டம் அனுமதிக்கும் நாட்டுக்குப் பிற்பாடு போவதற்காக இங்கேயே பழகிக்கொள்கிறார்கள். இருவருக்கும் தேர்வு முறை ஒன்றுதான். இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால், பணம் கட்டுவதற்கு முன்பே காவல்துறையின் உரிமப் பிரிவிலும் உங்கள் வில்வித்தை மன்றத்திலும் விதிமுறையைக் கேட்டுவிடுங்கள்.

படி 1: எந்தக் கண் தலைமை தாங்குகிறது?

இரு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கைகளைச் சேர்த்து நடுவில் சின்ன முக்கோண ஓட்டை விடுங்கள். அதன் வழியே தூரத்தில் உள்ள சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். இடக்கண்ணை மூடியும் கடிகாரம் ஓட்டைக்குள்ளேயே இருந்தால் உங்களுக்கு வலக்கண் தலைமை. அப்படியானால் வாங்க வேண்டியது வலக்கை வில். அதாவது இடக்கையில் வில்லைப் பிடித்து, வலக்கையால் நாணை இழுப்பது. வலக்கைப் பழக்கமும் இடக்கண் தலைமையும் சேர்ந்து வருபவர்கள் உண்டு. இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் கண் சொல்வதைக் கேட்பது நல்லது. கை சில வாரங்களில் பழகிவிடும், கண் அப்படிப் பழகாது.

படி 2: இழுநீளம்

டிரா லெங்த் என்று களத்தில் சொல்வது இதைத்தான். நாணை முழுதாக இழுத்த நிலையில் அம்பு எவ்வளவு பின்னால் வருகிறது என்ற அளவு. மற்ற எல்லாமே இதைப் பொறுத்துத்தான் அமையும்.

சுவரில் முதுகு ஒட்டி நின்று, இரு கைகளையும் பக்கவாட்டில் தோள் உயரத்துக்கு விரியுங்கள். இழுத்து நீட்ட வேண்டாம், இயல்பாக இருக்கட்டும். ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை இன்னொருவர் டேப்பால் அளக்க வேண்டும். வந்த எண்ணை அங்குலத்தில் எடுத்து 2.5 ஆல் வகுங்கள். 160 சென்டிமீட்டர் என்றால் 63 அங்குலம். 2.5 ஆல் வகுத்தால் 25.2, ஆக உங்கள் இழுநீளம் ஏறக்குறைய 25 அங்குலம். இது தொடக்கக் கணக்குதான். பயிற்றுநர் முன்னால் இழுத்துப் பார்க்கும்போது அரை அங்குலம் கூடவோ குறையவோ செய்யலாம்.

படி 3: ரிகர்வா, காம்பவுண்டா?

ரிகர்வ் வில்லின் நுனிகள் முன்பக்கம் வளைந்திருக்கும். இழுக்க இழுக்கப் பாரம் ஏறும், முழுதாக இழுத்த நிலையில்தான் பாரம் உச்சம். காம்பவுண்ட் வில்லில் இரு முனைகளிலும் கேம் எனப்படும் உருளைகள் இருக்கும். நடுவழியில் பாரம் உச்சத்துக்குப் போய், கடைசியில் சட்டென்று இறங்கிவிடும். அந்த இறக்கத்துக்கு லெட்-ஆஃப் என்று பெயர். இழுவிசை, அதாவது நாணை இழுக்கத் தேவையான உச்சப் பாரம், 40 பவுண்டு உள்ள வில்லில் 80 விழுக்காடு லெட்-ஆஃப் என்றால், குறிபார்க்கும் நேரத்தில் கை தாங்குவது 8 பவுண்டு மட்டுமே.

வேட்டைதான் குறிக்கோள் என்றால் காம்பவுண்டே எங்கள் பரிந்துரை. அமெரிக்காவின் பல மாநிலங்கள் மான் வேட்டைக்குக் குறைந்தது 30 முதல் 40 பவுண்டு இழுவிசை கேட்கின்றன. ரிகர்வில் 40 பவுண்டை நடுக்கமில்லாமல் நிறுத்திப்பிடிக்கப் பல பெண்களுக்கு ஆண்டுக்கணக்கில் ஆகும். காம்பவுண்டில் அதே அளவைப் பொறுமையாகப் பயிற்சி செய்தால் அதைவிட மிகக் குறைந்த காலத்தில் எட்டலாம். ஆனால் வாங்குவதற்கு முன் மன்றத்தின் தொடக்கநிலை வகுப்பை முடித்துவிடுங்கள். அங்கே பெரும்பாலும் மன்றத்து ரிகர்வைத்தான் கொடுப்பார்கள். அதில் கற்கும் நிற்கும் முறை, தோள், முதுகுத் தசை எல்லாம் காம்பவுண்டுக்கும் அப்படியே உதவும்.

ரிகர்வே போதும் என்பவர்கள் கழற்றி மாட்டும் வகையை வாங்குங்கள். இழுநீளம் 24 முதல் 26 அங்குலம் உள்ளவருக்கு 64 அல்லது 66 அங்குல வில் பொருந்தும். நடுப்பகுதியான ரைசரில் பணத்தைப் போடுங்கள். வளையும் இரு கைகளான லிம்ப்களை விலை குறைவாக வாங்கலாம், பலம் ஏற ஏற அவற்றை மாற்றத்தானே போகிறீர்கள். லிம்பில் எழுதியிருக்கும் எடை (இழுவிசையைத்தான் எடை என்றும் சொல்வார்கள்) 28 அங்குல இழுப்புக்கானது என்பதையும் மறக்க வேண்டாம். 20 பவுண்டு லிம்பை 25 அங்குலம் இழுப்பவர் விரலில் உணர்வது 16 பவுண்டு அளவில்தான் இருக்கும். தொடக்கத்துக்கு அது நல்ல எடை.

படி 4: இழுவிசை

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். 'கொஞ்ச நாளில் பழகிவிடும்' என்று இழுவிசை அதிகமான வில்லை வாங்குவார்கள். பழகுவது வில் அல்ல, தவறான அசைவு. முதுகு இழுக்க வேண்டியதைத் தோளின் சிறு தசைகள் இழுக்கும். சில வாரங்களில் தோளில் குத்துவலி வரும், அத்தோடு வில் அலமாரிக்குப் போய்விடும்.

சோதிக்கும் விதம்: நாற்காலியில் உட்கார்ந்து, கால்களைத் தரையிலிருந்து சற்றே தூக்கிக்கொள்ளுங்கள். அம்பைப் பூட்டி, வில்லை இலக்குப் பலகைக்கு நேராக வைத்து மெதுவாக இழுங்கள். வில்லை வானத்தை நோக்கி உயர்த்தாமல் இழுக்க முடிகிறதா? 15 வினாடி நிறுத்த முடிகிறதா? அதன்பின் எய்யாமல், நாணை மெதுவாகப் பழைய நிலைக்கே கொண்டுவர முடிகிறதா? மூன்றும் முடிந்தால் அந்த எடை உங்களுக்குச் சரி. ஒன்று தவறினாலும் 5 பவுண்டு குறையுங்கள். அம்பு இல்லாமல் நாணை விடுவது மட்டும் கூடவே கூடாது. அம்புக்குப் போக வேண்டிய விசை முழுதும் வில்லுக்கே திரும்பி, லிம்ப் பிளக்கும், காம்பவுண்டில் நாண் கேமிலிருந்து கழன்று தெறிக்கும்.

காம்பவுண்ட் வாங்குவோர் எடையைப் பரந்த அளவில் மாற்றக்கூடிய வில்லைப் பாருங்கள். 5 முதல் 70 பவுண்டு வரை மாற்றக்கூடியவை சந்தையில் உண்டு. 20, 25 பவுண்டில் தொடங்கி, அதே வில்லில் 40க்கு ஏறலாம்.

பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வேக எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அது 70 பவுண்டு, 30 அங்குல இழுநீளம், 350 கிரெய்ன் (அம்பின் எடையை அளக்கும் சிறு அலகு) அம்பு என்ற கணக்கில் எடுத்தது. 25 அங்குலமும் 35 பவுண்டும் உள்ளவருக்கு அந்த வேகம் கிடைக்காது, தேவையும் இல்லை. வேகத்தைவிட முக்கியமான எண் பிரேஸ் ஹைட். இழுக்காத நிலையில் கைப்பிடியின் உட்குழிவுக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி அது. 6 அங்குல வில் வேகமாக எய்யும், ஆனால் சின்னப் பிழையையும் மன்னிக்காது. தொடக்கத்தில் 7 அங்குலம் பக்கம் உள்ளதை எடுங்கள். நாண் முன்கையில் படுவதும் குறையும்.

படி 5: கையில் எடுத்துப் பொருத்தம் பார்ப்பது

முழுதாக இழுத்த நிலையில் பக்கவாட்டிலிருந்து ஒருவர் படம் எடுக்கட்டும். தலை நிமிர்ந்திருக்க, நாண் மூக்கு நுனியைத் தொட்டு வாயோரம் வர வேண்டும். உடல் பின்னால் சாய்ந்து, நாண் கன்னத்தைத் தாண்டிப் போனால் இழுநீளம் அதிகம். மூக்கு நாணைத் தேடி முன்னால் நீண்டால் குறைவு. காம்பவுண்டில் இதை அரை அரை அங்குலமாக மாற்றலாம்.

நாணில் கோத்த சிறு வளையமான பீப் சைட்டின் உயரத்தையும் அங்கேயே பொருத்தச் சொல்லுங்கள். கண்ணை மூடி இழுங்கள், கையைத் தாடையில் வழக்கமான இடத்தில் பதியுங்கள், பிறகு கண்ணைத் திறங்கள். தலையை அசைக்காமலே வளையத்தின் வழியே குறி தெரிய வேண்டும்.

இன்னொன்று, முழங்கை. கையை நீட்டினால் முழங்கை உட்பக்கம் வளைந்து நிற்பது பெண்களிடம் சகஜம். வில்லைப் பிடிக்கும்போது அந்த வளைவு நாண் போகும் பாதைக்குள் வந்துவிடும். முன்கையில் ஒரு நீலத் தழும்பு விழுந்தால் காரணம் அதுதான். வீட்டிலேயே சரிசெய்யலாம்: கதவு நிலையில் உள்ளங்கையை ஊன்றி, தோளை உயர்த்தாமல், உள்ளங்கையையும் அசைக்காமல், முழங்கையை மட்டும் திருப்புங்கள். தரையைப் பார்த்த முழங்கை எலும்பு வெளிப்பக்கம் திரும்பும், உள்மடிப்பு செங்குத்தாக நிற்கும். தினமும் இருபது முறை போதும். கைக்கவசம் அணிவது அவசியம், ஆனால் கவசத்தில் நாண் தொடர்ந்து 'டப்' என்று அடித்தால் இழுநீளத்தை மறுபடி பாருங்கள்.

படி 6: அம்பு

வீட்டில் இருக்கும் அம்பை எடுத்து எய்துவிடாதீர்கள். அம்பின் விறைப்பை ஸ்பைன் எண் சொல்லும். எண் சிறிதானால் விறைப்பு அதிகம். 60, 70 பவுண்டு வில்லில் ஆண்கள் எய்யும் 340 அம்பு, 30 பவுண்டு வில்லில் வளையாமல் கோணிப் பறக்கும். 30-35 பவுண்டு, 25 அங்குல இழுநீளம் என்றால் 600, 700 பக்கம் வரும். தயாரிப்பாளரின் அட்டவணையில் உறுதி செய்யுங்கள். காம்பவுண்டில் ஒரு பவுண்டு இழுவிசைக்குக் குறைந்தது 5 கிரெய்ன் எடை அம்பில் இருக்க வேண்டும். 35 பவுண்டு என்றால் 175 கிரெய்ன். அதைவிட லேசான அம்பு, வெறும் நாணை விடுவதற்குச் சமம்.

தொடக்கத்தில் அம்பு இழுநீளத்தைவிட ஓரிரு அங்குலம் நீளமாகவே இருக்கட்டும். குட்டை அம்பு, வில்லில் அது அமரும் தாங்கியிலிருந்து நழுவினால் முனை நேரே கையை நோக்கும். கார்பன் அம்பு ஒவ்வொன்றையும் எய்வதற்கு முன் இரு முனையையும் பிடித்து முகத்துக்கு அப்பால் லேசாக வளையுங்கள். மெலிதாக ஒரு 'கிரீச்' கேட்டாலும் அதை ஒடித்துக் குப்பையில் போடுங்கள். விரிசல் விட்ட அம்பு விடும் நொடியில் சிதறி, வில் பிடித்த கைக்குள் பாயும்.

படி 7: உடம்பில் அணிபவை

காம்பவுண்டுக்கு ரிலீஸ் தேவை, மணிக்கட்டில் கட்டி நாணை இழுத்து, விசையைத் தட்டி விடுவிக்கும் கருவி அது. சின்ன மணிக்கட்டுக்குப் பக்கிள் பட்டை உள்ளதே இறுக்கமாக நிற்கும். ஆள்காட்டி விரலின் முதல் மடிப்பு விசையைத் தொடும்படி நீளத்தைக் குறையுங்கள். இழுக்கும்போது விரல் விசைக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். பாதி வழியில் விசை விட்டால் உங்கள் முஷ்டியே உங்கள் வாயில் இடிக்கும். மார்புக் கவசத்தை வெட்கப்பட்டுத் தள்ளிப்போட வேண்டாம், அது நாண் உடையில் சிக்காமல் காக்கும். தாலிக்கொடி, சங்கிலி எல்லாம் சட்டைக்குள். துப்பட்டா வேண்டாம். தொங்கும் காதணியைக் கழற்றி, முடியைப் பின்னி முதுகுப்பக்கம் விடுங்கள்.

படி 8: கொண்டுபோவதும் வைப்பதும்

ரிகர்வைக் கழற்றினால் முதுகுப்பையில் அடங்கும், எம்ஆர்டியில் சிரமமில்லை. காம்பவுண்ட் நாணைக் கையால் கழற்ற முடியாது, அதற்கு வில்லை அழுத்திப் பிடிக்கும் தனிக் கருவி வேண்டும். ஆகவே பூட்டுள்ள கடினப் பெட்டி வாங்குங்கள். களத்துக்கு வெளியே பெட்டியைத் திறக்க வேண்டாம். வீவக வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு முறைகூட இழுத்துப் பார்க்கக் கூடாது.

வெயிலில் நிறுத்திய காருக்குள் வில்லை விட்டால் சூட்டில் லிம்பின் ஒட்டுப்பசை இளகும். நம் ஊர் ஈரப்பதத்துக்குப் பெட்டிக்குள் இரண்டு சிலிக்கா பொட்டலம் போடுங்கள். நாண் பிசிறு தட்டத் தொடங்கினால் மெழுகைத் தடவி விரலால் சூடேறத் தேயுங்கள். இழை அறுந்திருந்தால் மெழுகு உதவாது, நாணை மாற்றுங்கள்.

எடையைக் கூட்டுவது எப்போது? ஒரு பயிற்சியில் 60 அம்பு எய்து, கடைசி ஆறும் முதல் ஆறைப் போலவே நெருக்கமாக விழ வேண்டும். மறுநாள் தோளில் வலி இருக்கக் கூடாது. மூன்று வாரம் தொடர்ந்து இப்படி இருந்தால் 2 பவுண்டு கூட்டுங்கள். எடை மாறினால் அம்பின் ஸ்பைனையும் அட்டவணையில் மறுபடி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.