டயாலிசிஸ் எடுப்பவரின் மனச்சோர்வு: வீட்டார் செய்யும் தவறுகள்

வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். போக வர, ஊசி குத்த, பிறகு ரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடிக்க என்று சேர்த்தால் அந்த நாளே போய்விடும். தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு வீட்டில் இது தொடங்கிவிட்டால் தண்ணீர், உப்பு, பொட்டாசியம் தவிர வேறு பேச்சே இருக்காது. மனதைப் பற்றிய பேச்சு எழுவது, முறைநாளில் அவர் "இன்னைக்கு நான் போகல" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கும்போதுதான். உடனே வீட்டார் வாயில் வருவது "பிடிவாதம்" என்ற சொல்.

முறையைத் தவறவிடுவதும் நடுவில் எடை ஏறுவதும் பிடிவாதமாகவே இருக்க வேண்டியதில்லை. உலர் எடை (தேங்கிய நீரை எடுத்தபின் நிற்கும் எடை) 60 கிலோ உள்ளவருக்கு இரண்டு முறைகளுக்கு நடுவே சுமார் 2.4 கிலோவுக்குள், அதாவது 4 சதவீதத்துக்குள் ஏறினால் நல்லது. திடீரென்று 4 கிலோ ஏறி வந்தால் முதலில் உப்பைப் பாருங்கள்: ஊறுகாய், சிப்ஸ், கடைக் கறி. நீரிழிவு உள்ளவருக்கு ரத்தச் சர்க்கரை ஏறினாலும் தாகம் அடங்காது. இவை எதுவும் இல்லையென்றால், எந்த வாரத்திலிருந்து இப்படி, அதற்கு முன் என்ன நடந்தது என்று கேளுங்கள். வேலை போனதா? கூட உட்காரும் நோயாளி ஒருவர் இறந்துபோனாரா? டயாலிசிஸ் அறையில் அது நடக்கும். காலியான நாற்காலியை எல்லோரும் பார்ப்பார்கள், யாரும் பேசமாட்டார்கள். தராசின் முன் நிறுத்தித் திட்டினால் அவர் குடிப்பதைக் குறைக்கமாட்டார், ஒளித்துக் குடிப்பார். மருத்துவர் சொன்ன அளவுத் தண்ணீரைக் காலையில் ஒரே பாட்டிலில் ஊற்றி அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள், காவல் வேலை பாதி குறையும்.

இதற்கு நேர் எதிரான தவறு, எல்லாச் சோர்வையும் மனச்சோர்வு என்று முடிவு கட்டுவது. பசியின்மை, தூக்கமின்மை, களைப்பு மூன்றும் உடல் கோளாறிலும் வரும், மனச்சோர்விலும் வரும். ரத்தசோகை, போதாத டயாலிசிஸ் (ரத்தம் எவ்வளவு சுத்தமானது என்று காட்டும் கேடி/வி என்ற அளவு ஒரு முறைக்கு 1.2க்குக் கீழே), தவறாகக் கணித்த உலர் எடை, இரவெல்லாம் அரிப்பு, கால் துடிப்பு எல்லாம் ஆளைத் துவைத்துப் போடும். ஒரு மணி நேரத்தில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 13 மில்லிக்கு மேல் நீரை இழுத்தால் தசைப்பிடிப்பும் அசதியும் கூடும். "முடிந்து எத்தனை மணி நேரத்தில் தெளிகிறார்?" என்பதை இரண்டு வாரம் குறித்து சிஸ்டரிடம் காட்டுங்கள். டயாலிசிஸ் நீரின் வெப்பத்தை அரை டிகிரியோ ஒரு டிகிரியோ குறைத்தால் சிலருக்கு இந்த அசதி குறைகிறது. மனதின் பக்கம் கைகாட்டும் அறிகுறிகள் வேறு: பேரனைப் பார்த்தும் முகம் மலராமல் இருப்பது, பிடித்த கிரிக்கெட்டைப் போட்டாலும் பார்க்காதது, "உங்களுக்கெல்லாம் நான் பாரம்" என்ற பேச்சு. பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தில் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவர் விரிவாகப் பார்க்க வேண்டும். இயந்திரத்தை விட்டு எழுந்த கையோடு அதை நிரப்ப வைக்காதீர்கள், அந்த நேரத்தில் யாருக்குமே மதிப்பெண் கூடத்தான் வரும்.

நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று உளறினால் அது மனநோய் அல்ல, அவசரம். நரம்பு வலிக்கும் அரிப்புக்கும் தரும் காபாபென்டின், பிரிகாபலின் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும்; அளவு கூடினால் உடம்பில் தங்கி மயக்கமும் தசைத் துடிப்பும் வரும். நட்சத்திரப் பழம் இன்னும் மோசம்: தொடர் விக்கலில் தொடங்கி வலிப்பு வரை போகலாம். அந்தப் பழத்தை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

மனச்சோர்வு மாத்திரையை சிறுநீரக மருத்துவருக்குத் தெரியாமல் தொடங்குவதும் தவறு. சிட்டலோப்ராம் போன்றவை இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கலைக்கக்கூடும், டயாலிசிஸில் பொட்டாசியம் ஏறி இறங்குகிறவருக்கு அந்த ஆபத்து கூடுதல். 2019இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 120 டயாலிசிஸ் நோயாளிகளைப் பிரித்து, பாதிப் பேருக்கு செர்ட்ராலினும் மீதிப் பேருக்கு நாற்காலியிலேயே பேச்சு சிகிச்சையும் கொடுத்தார்கள். 12 வாரத்தில் மாத்திரை சற்றே முந்தியது, பக்கவிளைவும் அதில்தான் அதிகம். மாத்திரை வேண்டாம் என்கிறவருக்கும் வழி உண்டு என்பதற்காகச் சொல்கிறோம்.

பேச வைப்பது எளிதல்ல. பத்து நாற்காலி வரிசையில், பக்கத்தில் மனைவி நிற்க, "எப்படி இருக்கீங்க அண்ணா?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்றுதான் பதில் வரும். இந்த நாட்டில் இன்னொரு பயமும் சேர்ந்துகொள்கிறது. டர்பனைச் சேர்ந்த தியாகராஜ் சூப்ரமணிக்கு அடிங்டன் மருத்துவமனையில் டயாலிசிஸ் மறுக்கப்பட்ட வழக்கில், அரசியலமைப்பு நீதிமன்றம் 1997 நவம்பரில் மறுப்பு செல்லும் என்று தீர்ப்பளித்தது. இடம் குறைவு, மாற்றுச் சிறுநீரகத்துக்குத் தகுதியானவருக்கே முன்னுரிமை என்பதை நம் ஆட்கள் மறக்கவில்லை. "மனசு சரியில்லை என்று சொன்னால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்களோ" என்று வாயை மூடிக்கொள்பவர்கள் உண்டு. அதனால் டயாலிசிஸ் இல்லாத வேறொரு நாளில், தனியிடத்தில், சமூகப் பணியாளரையும் வைத்துக் கேளுங்கள்.

"இதை நிறுத்திடலாம்னு இருக்கு" என்று அவர் சொன்னால் "அப்படிப் பேசாதே" என்று வாயை அடைக்காதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமென்றால் அன்றிரவு தனியாக விடவேண்டாம், மாத்திரைப் பெட்டி வேறொருவர் பொறுப்பில் இருக்கட்டும், 0800 567 567 என்ற தென்னாப்பிரிக்கத் தற்கொலைத் தடுப்பு இலவச எண்ணைக் கூப்பிடுங்கள். நோய் முற்றியவர் யோசித்து, தெளிந்து, சிகிச்சையை நிறுத்த விரும்புவது வேறு விஷயம். அதை மருத்துவரும் குடும்பமும் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும். மனச்சோர்வுக்கு மருத்துவம் பார்க்காமல் அந்த முடிவுக்கு வரக்கூடாது.

கடைசியாகக் கோயில். காவடிக்கு வராதே என்று வீட்டில் உட்கார வைப்பதுதான் பலரை உடைக்கிறது. போகட்டும். தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் முன்பே முறைநாளை மாற்றிக் கேளுங்கள், ஒரு முறையையும் விடக்கூடாது. வார இறுதி இடைவெளியே ஏற்கெனவே நீளம். காப்புக் கயிறு ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்த அறுவைச் சிகிச்சையில் இணைத்த ரத்தக்குழாய்) இல்லாத கையில் தளர்வாகக் கட்டலாமா என்று பூசாரியிடம் கேளுங்கள், வழக்கம் எந்தக் கை என்றாலும். ஃபிஸ்டுலா உள்ள கையில் அலகும் பாரமும் கூடாது. விரதப் பத்து நாளில் பருப்பும் வாழைப்பழமும் கூடிப்போகாமல் உணவு ஆலோசகரிடம் பட்டியல் வாங்கிக்கொள்ளுங்கள். பஞ்சாமிர்தம் நாக்கில் தொட்டுக்கொள்ளும் அளவு. பானகமும் நீர்மோரும் பாட்டில் கணக்கில் சேரும். இளநீர் வேண்டாம்.