வளவில் படுத்தபடி பெருநிறை விண்மீன்களின் பிறப்பிடத்தைப் பார்ப்பது எப்படி

சூரியனைப் போல் எட்டு மடங்குக்கும் மேல் நிறை கொண்ட விண்மீனைப் பெருநிறை விண்மீன் என்கிறோம். சூரியனின் ஆயுள் ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுகள் என்றால், முப்பது மடங்கு நிறையுள்ள விண்மீனுக்கு 50, 60 இலட்சம் ஆண்டுகளே வாய்க்கின்றன. எரிபொருள் கூடுதலாக இருந்தும், அது பல்லாயிரம் மடங்கு வேகத்தில் எரிந்து தீர்வதே காரணம். அந்தக் குறுகிய ஆயுளுக்குள் பெரும்பாலானவை பிறந்த இடத்தைவிட்டு அதிக தூரம் போவதில்லை. ஆகவே நீலமாய் ஒளிரும் விண்மீன்கள் கொத்தாக நின்று, அவற்றைச் சுற்றி வாயுவும் மிச்சமிருந்தால், அது பிறப்பிடம் என்று துணிந்து சொல்லலாம். அத்தகைய இடம் ஒன்றைச் செட்டிநாட்டு வீட்டின் வளவிலிருந்தே, அதாவது வானம் பார்த்த நடுமுற்றத்திலிருந்தே, பார்த்துவிட முடியும்.

முதலில் இரவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மார்கழியும் தையும் உகந்த மாதங்கள். நகரத்தார் வீடுகளில் பிள்ளையார் நோன்பு வரும் இரவு எனக்கு மிகவும் பிடித்தது. திருக்கார்த்திகையன்று முழுநிலா கார்த்திகை மீன்களோடு நிற்பதால் அம்மீன்கள் நிலவொளியில் மங்கிவிடும். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு நட்சத்திரம் என்று நகரும் நிலா, இருபத்தொரு நாளில் தேய்ந்து, மறைந்து, மீண்டும் வளர்ந்து, சஷ்டிப் பிறையாகச் சதயத்துக்கு வந்து சேரும். அன்றுதான் நோன்பு. அந்தப் பிறை இரவு 11 மணியளவில் மேற்கே இறங்கிவிடும். அதே வேளையில் வேட்டைக்காரன் உருவமாகச் சொல்லப்படும் ஓரியன் விண்மீன் கூட்டம் உச்சியை நெருங்கிக்கொண்டிருக்கும். நோன்புச் சடங்கான இழை எடுத்தலை முடித்து வீடு அடங்கிய பிறகு, இருண்ட வானம் நமக்கே வாய்க்கிறது. நோன்புக்கு நாள் குறித்தவர்கள் நிலாவை எவ்வளவு நுணுக்கமாகக் கவனித்திருக்கிறார்கள் என்று ஒவ்வோர் ஆண்டும் வியக்கிறேன்.

காரைக்குடி நகரத்துக்குள் தெருவிளக்கின் வெளிச்சம் வானத்தை வெளிறச் செய்கிறது. கானாடுகாத்தான், ஆத்தங்குடி போன்ற ஊர்களில் நிலைமை நன்றாக இருக்கும். வளவின் நான்கு பக்கச் சுவரும் வெளிச்சத்தை மறைத்துக்கொள்வதால், விளக்குகளை அணைத்துவிட்டுப் பாயை விரித்து மல்லாந்து படுப்பதே சிறந்த வழி. மேலே கம்பி வலை கட்டிய வளவாக இருந்தால் மாடிக்குப் போய்விடுங்கள். கருவி என்று 10×50 பைனாகுலர் (பத்து மடங்கு பெருக்கம், 50 மி.மீ. லென்ஸ்) ஒன்று போதும். கண் இருளுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும். அதற்கிடையே கைப்பேசித் திரையைப் பார்த்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டிக்கொள்ளுங்கள். மார்கழிப் பனி லென்ஸில் படியும்போது துணியால் தேய்க்காமல், சற்று நேரம் உள்ளே கொண்டுபோய் வைத்தால் தானே தெளியும்.

முதலில் கார்த்திகையைப் பாருங்கள். வெறுங்கண்ணுக்கு ஆறாகத் தெரிவது பைனாகுலரில் பல பத்தாகப் பெருகும். உண்மையில் அது ஏறத்தாழ 440 ஒளியாண்டு தொலைவில் உள்ள, ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் கொத்து. வயது சுமார் 10 கோடி ஆண்டுகள். நீண்ட நேர ஒளிப்படங்களில் அதைச் சுற்றித் தெரியும் நீலப் புகை பிறந்தபோது மிஞ்சிய வாயு என்று பலரும் எண்ணுகிறார்கள். அது வழியில் எதிர்ப்பட்ட வேறொரு தூசி மேகம். பிறந்த மேகம் எப்போதோ கலைந்துவிட்டது. அங்கே பெருநிறை விண்மீன்கள் பிறந்திருந்தாலும், அவை வெடித்து முடிந்து நெடுங்காலம் ஆகியிருக்கும்.

இப்போது ஓரியனுக்கு வாருங்கள். வரிசையாக நிற்கும் மூன்று மீன்களுக்குத் தெற்கே, வாள்போல் தொங்கும் மங்கலான மீன்களின் நடுவில் பைனாகுலரை நிறுத்துங்கள். நள்ளிரவை ஒட்டி அது தெற்கில் 75 பாகை உயரத்தில் நிற்கும் என்பதால் படுத்துப் பார்த்தால் கை நடுங்காது. முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சைச் சற்றே நிறுத்திப் பாருங்கள். சாம்பல் நிறத்தில், விரித்த சிறகு போன்ற ஒரு படலம் தெரியும். நேராக உற்றுப் பார்த்தால் சுருங்குவதும், பார்வையைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பினால் அகலமாக விரிவதும் அதன் இயல்பு. மங்கிய ஒளியைக் கண்ணின் ஓரப்பகுதியே நன்றாக உணரும். படங்களில் காணும் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. அதற்காக மனம் தளர வேண்டாம். என் அப்பத்தா முதல் முறை பார்த்தபோது, “குளிர்காலத்துல கண்ணாடியில ஊதுன மூச்சாட்டம் இருக்கு” என்றார். அதைவிடப் பொருத்தமான வருணனையை நான் கேட்டதில்லை.

அந்தப் படலம்தான் நாம் தேடிவந்த பிறப்பிடமான ஓரியன் நெபுலா; சுமார் 1,350 ஒளியாண்டு தொலைவில், ஏறத்தாழ 24 ஒளியாண்டு அகலமுள்ள வாயுப்பரப்பு. சிறிய தொலைநோக்கி கிடைத்தால் 50 மடங்கு பெருக்கத்தில் அதன் நடுவே நான்கு மீன்கள் நெருக்கமாக நிற்பதைக் காணலாம். நாற்கரம் எனப்படும் இக்கூட்டத்தின் வயது 20 இலட்சம் ஆண்டுகூட நிறையாதது. நான்கிலும் பளிச்சென்று இருப்பது சூரியனைப் போல் முப்பது மடங்குக்கும் மேல் நிறை கொண்டது. நீங்கள் காணும் வாயு பெரும்பாலும் அந்த ஒன்றின் புற ஊதாக் கதிரால் ஒளிர்கிறது.

இவ்வளவு பெரிய விண்மீன் எப்படி உருவாகிறது என்பது நெடுநாள் புதிராக இருந்தது. குளிர்ந்த வாயு மேகம் தன் ஈர்ப்பால் சுருங்கி விண்மீனாகிறது என்பது பொது விதி. ஆனால் பெருநிறை விண்மீன் முழுதாக வளர்வதற்கு முன்பே உள்ளே அணுப்பிணைவு தொடங்கிவிடுகிறது. அதன் கடும் ஒளி, மேலும் வந்து விழ வேண்டிய தூசியையும் வாயுவையும் வெளியே தள்ளுகிறது. பின் எப்படி வளர்கிறது? வாயு எல்லாத் திசையிலிருந்தும் விழாமல், விண்மீனைச் சுற்றும் தட்டு வழியாக உள்ளே வருகிறது. ஒளி தட்டுக்கு மேலும் கீழும் உள்ள திறந்த வழிகளில் தப்பிவிடுகிறது. மேகத்தின் இழைகள் பல திசைகளிலிருந்து கூடும் இடத்தில் வாயு வரத்து மிகுதி. வரத்துக் கால்கள் பலவும் சேரும் ஊரணியில் நீர் தங்குவதுபோல், பெரியவை பெரும்பாலும் கொத்தின் நடுவில் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதே ஓரியனில் செம்மையாக மின்னும் திருவாதிரையையும் பார்த்துவிடுங்கள். அதுவும் பெருநிறை விண்மீனே. ஒரு கோடி ஆண்டு அளவிலேயே முதுமை அடைந்து ஊதிப்போயிருக்கிறது.

பங்குனியில் இன்னொரு வேலை இருக்கிறது. இரவு 10, 11 மணிக்கு மாடியில் தெற்குநோக்கி நின்று, நீட்டிய கையின் இரண்டு முட்டியளவு அடிவானத்துக்கு மேலே தேடினால் பெருநிறை விண்மீன்களின் இன்னொரு பிறப்பிடமான கரீனா நெபுலா கிடைக்கும். டெல்லியில் அடிவானத்தை ஒட்டியே நிற்கும் இது நமக்கு 20 பாகை உயரத்தில் நிற்கிறது. அங்கே உள்ள ஈட்டா கரீனா 1843இல் வானத்தின் இரண்டாவது பிரகாசமான விண்மீனாக எழுந்து மீண்டும் மங்கியது. தெற்கே தென்னையோ கோபுரமோ மறைக்காத மாடியைத் தையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.