சரியான கடவுச்சொல் கொடுத்தும் உள்ளே விடாத லாகின் பக்கம்: பிழையைத் தேடிப் பிடிப்பது எப்படி?

"லாகின் வேலை செய்யவில்லை" என்று ஒருவர் சொன்னால் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. பட்டனை அழுத்தியும் அசையாமல் நிற்கிறதா? பக்கம் ஒருமுறை மின்னிவிட்டு அதே காலிப் படிவம் திரும்ப வருகிறதா? கடவுச்சொல் தவறு என்கிறதா? அல்லது உள்ளே போன பிறகு, அடுத்த பக்கத்தைச் சொடுக்கியதும் வெளியே தள்ளிவிடுகிறதா? இவை நான்கும் நான்கு வெவ்வேறு இடங்களில் இருக்கும் கோளாறுகள்.

பயனர் தட்டச்சு செய்ததை பிரவுசர் கட்டி அனுப்புகிறது. சர்வர் அதைப் பெற்றுக்கொள்கிறது. டேட்டாபேஸில் இருப்பதோடு ஒப்பிடுகிறது. பொருந்தினால் செஷனை (இவர் உள்ளே வந்தவர் என்று சர்வர் வைத்துக்கொள்ளும் குறிப்பை) தொடங்கி, ஒரு குக்கீயை (பிரவுசர் வைத்துக்கொள்ளும் அடையாளச் சீட்டை) கொடுக்கிறது. அடுத்த பக்கத்தைக் கேட்கும்போது பிரவுசர் அந்தக் குக்கீயைத் திருப்பிக் காட்டுகிறது. இந்தக் கைமாற்றங்களில் எது அறுந்தது என்று தெரியும்வரை நிரலில் ஒரு வரியைக்கூடத் தொடாதீர்கள். புதிதாகக் கற்பவர்களின் நேரத்தைத் தின்பது பிழை அல்ல. பிழை எங்கே என்று தெரியாமலேயே நாலு இடத்தில் மாற்றிப் பார்க்கும் பழக்கம்தான். அப்படி மாற்றியதில் பழைய பிழை ஒன்று போய்ப் புதிய பிழை இரண்டு வந்திருக்கும்.

படிவமும் லாகின் நிரலும் உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கின்றன என்று வைத்துக்கொள்கிறேன். எடுத்துக்காட்டுக்கு சர்வரில் ஓடும் நிரல்மொழியான பிஎச்பியும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸும். ஜாங்கோ, லாராவெல், நோட் என்று வேறு எந்தக் கருவியில் எழுதினாலும் தேடும் வரிசை இதுதான்.

முதல் படி: பிரவுசர் என்ன அனுப்பியது?

குரோமில் எஃப்12 விசையை அழுத்தி "நெட்வொர்க்" பகுதியைத் திறங்கள். மேலே "பிரிசர்வ் லாக்" என்ற பெட்டி இருக்கும்; அதை டிக் செய்யுங்கள். இதைச் செய்யாவிட்டால் பக்கம் மாறும்போது பட்டியல் அழிந்துவிடும், பார்க்க வேண்டிய வரியே கண்ணில் படாது. இப்போது லாகின் பட்டனை அழுத்துங்கள்.

பட்டியலில் ஒரு வரிகூட வரவில்லை என்றால் படிவம் பிரவுசரை விட்டே கிளம்பவில்லை. சர்வர் நிரலைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. பட்டன் படிவத்தின் முடிவுக் குறிக்கு வெளியே போய்விட்டதா என்று பாருங்கள். ஜாவாஸ்கிரிப்ட் எங்காவது தடுக்கிறதா என்று "கன்சோல்" பகுதியில் பாருங்கள். இன்னொன்றும் உண்டு: கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று குறித்த ஒரு பெட்டியைப் பிறகு சிஎஸ்எஸ் மூலம் மறைத்திருப்பீர்கள். அது காலியாக இருப்பதால் பிரவுசர் அனுப்ப மறுக்கும். பெட்டி மறைந்திருப்பதால் எச்சரிக்கையையும் திரையில் காட்ட முடியாது. கன்சோலில் மட்டும் சிவப்பாக ஒரு வரி கிடக்கும்.

வரி வந்திருந்தால் அதைச் சொடுக்கி "பேலோட்" பகுதியைப் பாருங்கள். மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் அங்கே இருக்க வேண்டும். ஒன்று இல்லை என்றால், அந்த உள்ளீட்டுப் பெட்டிக்கு "நேம்" பண்பு கொடுக்கவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். "ஐடி" கொடுத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். ஐடி என்பது சிஎஸ்எஸ்ஸுக்கும் ஜாவாஸ்கிரிப்டுக்கும் லேபிளுக்கும்தான். சர்வருக்குப் போவது நேம் மட்டுமே. "டிசேபிள்ட்" என்று குறித்த பெட்டியும், டிக் செய்யாத செக்பாக்ஸும்கூட அனுப்பப்படுவதில்லை.

முகவரிப் பட்டையில் கேள்விக்குறிக்குப் பின்னால் கடவுச்சொல் பளிச்சென்று தெரிகிறதா? படிவத்தில் "மெத்தட்" (தரவை அனுப்பும் முறை) குறிப்பிட மறந்திருக்கிறீர்கள். குறிப்பிடாவிட்டால் அது, தரவை முகவரியிலேயே ஒட்டி அனுப்பும் "கெட்" ஆகிவிடும். பிரவுசரின் வரலாற்றிலும் சர்வரின் பதிவுக் கோப்பிலும் (லாக்) அந்தக் கடவுச்சொல் தங்கிவிடும். உடனே "போஸ்ட்" என்று மாற்றுங்கள்.

சில சமயம் போஸ்ட் என்றுதான் போயிருக்கும்; ஆனால் அதன் நிலை எண் 301 அல்லது 302 என்றிருக்கும்; அடுத்த வரியிலேயே அதே பக்கம் கெட் முறையில் காலியாகப் போயிருக்கும். எச்டிடிபி முகவரிக்கு அனுப்பியதை சர்வர் எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பிவிடும்போது இது நடக்கிறது. திருப்பும் வழியில் பிரவுசர் முறையை கெட் ஆக மாற்றி, தரவை உதறிவிடுகிறது. 307, 308 ஆகிய எண்கள் முறையை மாற்றாமல் காப்பாற்றும். ஆனால் படிவத்தின் "ஆக்‌ஷன்" பண்பில் கடைசி முகவரியை நேராகக் கொடுத்துவிட்டால் இந்தச் சுற்றே வேண்டாம்.

இரண்டாம் படி: சர்வருக்கு என்ன கிடைத்தது?

படிவத்தைப் பெறும் கோப்பின் உச்சியில், வந்த தரவை பிஎச்பி வைத்திருக்கும் போஸ்ட் அணியை "வார் டம்ப்" செய்து (உள்ளே இருப்பதைத் திரையில் கொட்டி), அடுத்த வரியில் "எக்ஸிட்" போட்டு நிறுத்துங்கள். "எக்கோ"வை விட வார் டம்ப் நல்லது. மதிப்போடு சேர்த்து அதன் நீளத்தையும் அது சொல்கிறது. 17 குறிகள் உள்ள மின்னஞ்சலுக்கு 18 என்று காட்டினால், கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கிறது. கைப்பேசியில் கீபோர்டு பரிந்துரைக்கும் சொல்லைத் தொட்டால் சில கீபோர்டுகள் தாமாகவே ஓர் இடைவெளியைச் சேர்த்துவிடும். கணினியில் சோதிக்கும் உங்களுக்கு எல்லாம் சரியாக இருக்கும். கைப்பேசியில் நுழைபவர்கள் மட்டும் புலம்புவார்கள். மின்னஞ்சலை "ட்ரிம்" செய்துவிடுங்கள். கடவுச்சொல்லை ட்ரிம் செய்யாதீர்கள். இடைவெளியும் அதில் ஒரு குறிதான்.

அணி முழுவதும் காலியாக வந்தால் இரண்டு காரணங்களைப் பாருங்கள். ஜாவாஸ்கிரிப்டிலிருந்து ஜேசன் வடிவில் அனுப்பினால் பிஎச்பி அதை போஸ்ட் அணியில் போடாது. உள்ளீட்டு ஓடையிலிருந்து நீங்களே படித்துப் பிரிக்க வேண்டும். பதிவுப் படிவத்தில் புகைப்படமும் கேட்டிருந்தால், மொத்த அளவு "போஸ்ட் மேக்ஸ் சைஸ்" வரம்பைத் தாண்டினாலும் அணி காலியாகிவிடும். மாற்றாமல் விட்டால் இந்த வரம்பு 8 எம்பி. தனிக் கோப்புக்கான வரம்பு 2 எம்பி. இன்றைய கைப்பேசி எடுக்கும் ஒரு படமே பல சமயம் இந்த 2 எம்பியைத் தாண்டிவிடும்.

மூன்றாம் படி: ஒப்பிடும் இடம்

அதிகமான பிழைகள் குடியிருப்பது இங்கேதான். இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். அந்த மின்னஞ்சலுக்கு டேட்டாபேஸ் அட்டவணையில் வரிசை (ரோ) கிடைத்ததா? கிடைத்த வரிசையின் கடவுச்சொல் பொருந்தியதா? இரண்டையும் ஒரே நிபந்தனைக்குள் திணித்து எழுதியிருந்தால், சோதிக்கும் நேரத்துக்காவது பிரித்து எழுதுங்கள்.

வரிசையே கிடைக்காதபோது, சோதனைக்கு ஒரு டேட்டாபேஸ், பதிவுக்கு வேறொரு டேட்டாபேஸ் என்று இணைப்புக் கோப்பு குழம்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வினவலை எழுதிய விதத்தையும் பாருங்கள். பயனர் தட்டியதை எஸ்க்யூஎல் (டேட்டாபேஸிடம் கேட்கும் மொழி) வரிக்குள் அப்படியே ஒட்டியிருந்தால், டி'குரூஸ் என்ற பெயருள்ளவர் பதிவு செய்ய வரும்போது நடுவில் உள்ள ஒற்றை மேற்கோள் குறி வினவலை உடைத்துவிடும். தூத்துக்குடிக் கடற்கரையில் இப்படிப்பட்ட குடும்பப் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. பெயர் உடைக்கிறது என்றால் வேண்டுமென்றே எழுதப்பட்ட எஸ்க்யூஎல் துண்டும் உடைக்கும். கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே வரும் வழி அது. எஸ்க்யூஎல் வரியையும் பயனர் தட்டியதையும் தனித்தனியாக அனுப்பும் "பிரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட்" பயன்படுத்தினால் இரண்டு சிக்கலும் ஒன்றாகத் தீரும். அந்தக் குறியைப் பெயரிலிருந்து நீக்கிவிடுவது தீர்வு அல்ல. ஒருவருடைய பெயரைத் திருத்தும் உரிமை நமக்கு இல்லை.

வரிசை கிடைத்தும் கடவுச்சொல் பொருந்தவில்லை என்றால், முதலில் ஒப்பிடும் வரியைப் படியுங்கள். பயனர் கொடுத்ததை மறுபடி "பாஸ்வேர்டு ஹாஷ்" (கடவுச்சொல்லைத் திரும்பப் படிக்க முடியாத குறித்தொடராக மாற்றும் செயற்கூறு) செய்து, டேட்டாபேஸில் உள்ளதோடு சமமா என்று பார்த்திருந்தால் அது ஒருநாளும் பொருந்தாது. அந்தச் செயற்கூறு ஒவ்வொரு முறையும் புதிய "சால்ட்" (ஏதோ சில குறிகளின் கலவை) சேர்ப்பதால், ஒரே கடவுச்சொல்லுக்கு இரண்டு முறை ஹாஷ் செய்தால் இரண்டு வெவ்வேறு விடைகள் வரும். "பாஸ்வேர்டு வெரிஃபை" இருப்பது இதற்காகத்தான். அதில் முதலில் பயனர் கொடுத்த சொல், அடுத்து ஹாஷ். இவை இடம் மாறினால் பொய் என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

அடுத்து, சேமித்த ஹாஷின் நீளத்தை எண்ணுங்கள். பிஎச்பி இயல்பாகப் பயன்படுத்தும் பிகிரிப்ட் முறையின் ஹாஷ் சரியாக 60 குறிகள் கொண்டது. டாலர் குறி, 2, சின்ன ஒய், மறுபடி டாலர் குறி என்று தொடங்கும். அட்டவணையில் கடவுச்சொல் நெடுவரிசையை 50 என்று வைத்திருந்தால் வால் பத்துக் குறிகள் வெட்டுப்பட்டிருக்கும். மைஎஸ்க்யூஎல் 5.7 முதல் இயல்பாக இருக்கும் கண்டிப்பு முறையில் இது சேமிக்கும்போதே பிழையாகத் தெரிந்துவிடும். கண்டிப்பு முறையை அணைத்து வைத்த சர்வரில் சத்தமில்லாமல் வெட்டிவிடும். நெடுவரிசையை 255 ஆக்குங்கள். ஏற்கெனவே வெட்டுப்பட்டவற்றை மீட்க வழியில்லை. அந்தப் பயனர்கள் புதுக் கடவுச்சொல் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சோதனைக்காக ஒரு ஹாஷை நிரலுக்குள்ளேயே ஒட்டியிருக்கிறீர்களா? இரட்டை மேற்கோளுக்குள் ஒட்டினால் டாலர் குறிக்குப் பின் எழுத்து வரும் இடத்தில் பிஎச்பி அதை ஒரு மாறி என்று நினைத்து அழித்துவிடும். ஒற்றை மேற்கோள் போடுங்கள்.

எல்லோருக்கும் லாகின் ஆகிறது, ஒரு சிலருக்கு மட்டும் ஆகவில்லை என்றால் அவர்களுடைய கடவுச்சொல்லில் ஆம்பர்சாண்ட் அல்லது கோண அடைப்புக்குறி இருக்கக்கூடும். பதிவு செய்யும் பக்கத்தில் எல்லா உள்ளீட்டையும் எச்டிஎம்எல் குறிகளாக மாற்றும் செயற்கூறு வழியாக அனுப்பிவிட்டு, லாகின் பக்கத்தில் அப்படிச் செய்யாமல் விட்டிருப்பீர்கள். அந்த மாற்றம் திரையில் காட்டும் நேரத்துக்கு உரியது. கடவுச்சொல்லை ஒருபோதும் அதற்குள் விடக்கூடாது.

தமிழில் கடவுச்சொல் வைப்பவர்களுக்காக ஒரு குறிப்பு. பிகிரிப்ட் முதல் 72 பைட்டுகளை மட்டுமே கணக்கில் எடுக்கும். யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். "கி" என்பது ககரமும் இகரக் குறியும் சேர்ந்தது என்பதால் 6 பைட். ஆக 24 குறிகளோடு எல்லை முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் என்ன எழுதினாலும் ஒன்றுதான். இதனால் யாருக்கும் லாகின் தடைபடாது, ஆனால் நீண்ட தமிழ்த் தொடர் வைத்தவர் நினைக்கும் அளவு பாதுகாப்பு கிடைக்காது.

நான்காம் படி: உள்ளே போனவர் ஏன் வெளியே வருகிறார்?

மறுபடி நெட்வொர்க் பகுதி. லாகின் கோரிக்கையின் பதிலில் "செட் குக்கீ" என்ற தலைப்பு வரி இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அடுத்த பக்கத்தின் கோரிக்கையில் அதே குக்கீ திரும்பிப் போகிறதா என்று பாருங்கள்.

சர்வர் குக்கீயைக் கொடுக்கவே இல்லை என்றால், செஷனைத் தொடங்கும் "செஷன் ஸ்டார்ட்" அழைக்கும் முன்பே பெரும்பாலும் ஏதோ ஒன்று திரைக்குப் போயிருக்கும். "தலைப்புகள் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டன" என்ற பொருளில் ஆங்கிலத்தில் வரும் பிழைச் செய்தியை முழுதாகப் படியுங்கள். அதில் இரண்டு கோப்புப் பெயர்கள் இருக்கும். கடைசியில் உள்ளது பாதிக்கப்பட்ட கோப்பு. நடுவே அடைப்புக்குள் இருப்பதுதான் குற்றவாளி. அங்கே வரி எண் 1 என்றிருந்தால், பிஎச்பி தொடக்கக் குறிக்கு முன்னால் காலி இடமோ, கண்ணுக்குத் தெரியாத "பாம்" எனும் பைட் குறியோ இருக்கிறது. எடிட்டரில் பாம் இல்லாத யுடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். "என் கணினியில் ஓடுகிறது, ஹோஸ்டிங்கில் ஓடவில்லை" என்பவர்கள் "அவுட்புட் பஃபரிங்" (வெளியீட்டைச் சேர்த்துவைத்து அனுப்பும்) அமைப்பை இரண்டு இடத்திலும் ஒப்பிடுங்கள். உள்ளூரில் அது 4096 என்றிருந்தால் சிறு கசிவுகள் வெளியே தெரியாமல் மறைந்துவிடும்.

குக்கீ வந்தும் திரும்பிப் போகவில்லை என்றால் முகவரியைக் கூர்ந்து பாருங்கள். லோக்கல்ஹோஸ்ட் என்று திறந்து 127.0.0.1 என்ற முகவரிக்குத் திருப்பிவிட்டால், பிரவுசருக்கு அவை இரண்டு வேறு தளங்கள். டபிள்யூடபிள்யூடபிள்யூ உள்ளதும் இல்லாததும் அப்படியே. "செக்யூர்" என்று குறித்த குக்கீ சாதாரண எச்டிடிபி தளத்தில் தங்காது. பணம் செலுத்தும் தளத்துக்குப் போய்த் திரும்பும்போது மட்டும் லாகின் போய்விடுகிறது என்றால் வேறு தளத்திலிருந்து வரும் கோரிக்கையோடு குக்கீ போகலாமா என்று சொல்லும் "சேம்சைட்" பண்பைச் சந்தேகியுங்கள். 2020இல் வந்த குரோம் 80 முதல், இப்பண்பைக் குறிப்பிடாத குக்கீகள் "லேக்ஸ்" என்றே கருதப்படுகின்றன. வேறு தளத்திலிருந்து போஸ்ட் முறையில் திரும்பி வரும் கோரிக்கையோடு அவை பொதுவாகப் போகா. முன்பக்கத்தைத் தனி டொமைனில் வைத்து ஜாவாஸ்கிரிப்டின் "ஃபெட்ச்" மூலம் கோரிக்கை அனுப்புபவர்கள், குக்கீயும் சேர்ந்து போக, "கிரெடென்ஷியல்ஸ்" என்பதை "இன்க்ளூட்" ஆக்க வேண்டும்; சர்வரும் அதற்கு வெளிப்படையாக அனுமதி தர வேண்டும்.

சிறிது நேரம் சும்மா இருந்த பிறகு வெளியே தள்ளினால் அது பிழை அல்ல. பிஎச்பி செஷன் தரவு 1440 நொடி, அதாவது 24 நிமிடம் தொடப்படாமல் கிடந்தால் குப்பையாகக் கருதப்படும். நீண்ட படிவத்தை நிரப்பச் சொல்லும் தளமாக இருந்தால் இந்த எண்ணைக் கூட்டுங்கள்.

ஐந்தாம் படி: டோக்கன்

லாராவெல்லில் 419, ஜாங்கோவில் சிஎஸ்ஆர்எஃப் என்ற சொல்லோடு 403 வந்தால் படிவத்தில் மறைவான டோக்கனை (படிவம் உங்கள் தளத்திலிருந்தே வந்தது என்று காட்டும் இரகசியக் குறி) சேர்க்க மறந்திருக்கிறீர்கள், அல்லது பக்கம் நீண்ட நேரம் திறந்தே கிடந்திருக்கிறது. அந்தப் பாதுகாப்பை அணைத்துவிடச் சொல்லும் யோசனைகள் இணையத்தில் ஏராளம். கேட்காதீர்கள்; படிவத்தில் ஒரு வரி சேர்த்தால் முடிகிற வேலை.

ஓடத் தொடங்கியதும்

சோதனைக்காகப் போட்ட வார் டம்ப், எக்ஸிட் வரிகளை முதலில் எடுங்கள். அவை கடவுச்சொல்லைத் திரையில் காட்டுபவை. அதே சமயம், வேறு பக்கத்துக்குத் திருப்பும் "லொகேஷன்" வரிக்குப் பின்னால் எக்ஸிட் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் லாகின் செய்யாதவரைத் திருப்பி அனுப்பிய பிறகும் கீழே உள்ள நிரல் ஓடி, காட்டக்கூடாத பக்கத்தை அனுப்பிவிடும். கடவுச்சொல் பொருந்தியதும் செஷன் எண்ணைப் புதுப்பியுங்கள். மின்னஞ்சல் தவறானாலும் கடவுச்சொல் தவறானாலும் பயனருக்கு ஒரே செய்தியைக் காட்டுங்கள். யார் யார் உறுப்பினர் என்பது வெளியாருக்குத் தெரிய வேண்டாம். பிழைகளைத் திரையில் காட்டும் அமைப்பை நேரடித் தளத்தில் அணைத்து, பதிவுக் கோப்புக்குப் போகும்படி செய்யுங்கள். அந்தக் கோப்பு இணையத்திலிருந்து திறக்கக்கூடிய கோப்புறைக்குள் இருக்கக்கூடாது.